குலுக்கைக்குப் பின்னால் கிடந்த எலி

அந்த எலி தானாக வந்து விழவில்லை. அதைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

பதினேழு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம் சொன்னதில்லை. என்னோடு வேலை செய்கிற கருப்பையாவிடம் சொன்னதில்லை... அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை! இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. நாளைக்குக் கம்பம் சந்தையில் எதிரும் புதிருமாக வந்தாலும் என்னை உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் வாய் திறக்கிறது.

முன்கூட்டியே ஒன்று. செய்த பாவத்தை எண்ணி எண்ணி எலும்பும் தோலுமாகிப்போனவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் ருசித்துச் சாப்பிடுகிறேன். படுத்தால் உறக்கம் வருகிறது. மனைவி, மூன்று பிள்ளைகள், உத்தமபாளையத்தில் சொந்தமாக ஓர் ஓட்டு வீடு, நாலு பேர் மதிக்கிற ஒரு தொழில்... குறை ஒன்றும் இல்லை. குறையில்லாமல் இருக்க முடிகிறதே, அதுதான் என் குறை! போகப் போக உங்களுக்கே புரியும்.

தொழிலைச் சொல்கிறேன். வீடு, கடை, கிட்டங்கி, காப்பி கிளப், சினிமாக் கொட்டகை... எதுவானாலும் மருந்தடித்து, எலியும் பூச்சியும் நோயும் அண்டாமல் சுத்தம் செய்து தருவது. ஏலக்காய் மூட்டைகளை அடுக்குமுன் கிட்டங்கிக்குக் கந்தகப் புகை போட வேண்டுமா, காலரா கண்ட வீட்டைச் சுண்ணாம்பும் பினாயிலுமாகக் கழுவிவிட வேண்டுமா... "மருந்துக்காரரக் கூப்புடு" என்பார்கள். தேனியிலிருந்து கூடலூர்வரை மருந்துக்காரர் என்றால் நான்தான். பெயர் செல்லையா.

ஆனால் அந்த நாளில் நான் மருந்துக்காரர் இல்லை. அனுமந்தன்பட்டியில், பிளேக் ஒழிப்புக்கென்று அரசாங்கம் வைத்திருந்த கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரி.

பிளேக் எங்கள் பள்ளத்தாக்குக்குப் புதிய விருந்தாளி அல்ல. பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. இரண்டு போகம் விளைந்தது. வீட்டுக்கு வீடு நெல் குவிந்தது. நெல்லைத் தேடி எலி வந்தது. எலியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி, பூச்சியின் வாயில் நோய். 'எலி விழுந்துருச்சு' என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் தெருவே நடுங்கும். செத்து விழுந்த எலியின் உடம்பைவிட்டு இறங்கும் பூச்சி அடுத்து மனிதனைத்தான் தேடும். ஆகவே அந்த வீட்டார் உடனே வெளியேறி, குறைந்தது பத்து நாளாவது வயற்காட்டில் குடிசை போட்டுத் தங்க வேண்டும். நாங்கள் கூரை ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விடுவோம். மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த குழம்பைத் தரையிலும் சுவரிலும் தெளிப்போம். எலி வளைக்குள் பம்பால் விஷப்பொடியை அடித்து, வளையின் வாயை ஈரமண்ணால் பூசிவிடுவோம். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒரே ஒரு பம்பு. அது என் கையில்!

எனக்கு இருபத்தாறு வயது. ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் அதிகாரம் இருந்தது. மரியாதை மட்டும் இல்லை. எலி தொட்ட கை அல்லவா! சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் "வாப்பா" என்பார்கள். பெண் கேட்டுப் போன நான்கு வீட்டிலும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் தை மாதம். கொடிக்கால் வேலுச்சாமியின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்துத் தலையெடுத்த மனிதர். எனக்குத் தாய்வழியில் மாமன் முறை. கல்யாணத்துக்கு வெளியூர் ஜனம் வருமே, வீட்டுக்கு மருந்தடித்துவிட்டால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். அது அரசாங்க வேலையன்று. என் சொந்தக் கையால் செய்து கொடுப்பது. நானும் மகிழ்ச்சியாகத்தான் போனேன். இரண்டு நாள் முதுகு ஒடிய வேலை செய்தேன். மூலை முடுக்கெல்லாம் குழம்பு தெளித்து, அறை அறையாகக் கந்தகம் போட்டு, வெளியே வந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அப்படி ஒரு சுத்தமான வீடு அந்த ஊரிலேயே கிடையாது!

மதியச் சாப்பாட்டு வேளை. பந்தல் போட வந்தவர்களுக்கு முற்றத்தில் வரிசையாக இலை விழுந்தது. நானும் கைகால் கழுவிவிட்டு அந்த வரிசையில் போய் உட்கார்ந்தேன். வேலுச்சாமி மாமா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"ஏலே செல்லையா, அங்கன வேணாம்டா. நீ தொழுவத்துப் பக்கம் போ. இலை அங்கன வரும்."

யாரோ சிரித்தார்கள். ஒருவர்தான். அதுவும் மெல்லத்தான். ஆனால் இன்றுவரை அந்தச் சிரிப்பு எந்த மூலையிலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

தொழுவத்தில் மாடுகளுக்கு நடுவே எனக்கு இலை போட்டார்கள். சோறு கொண்டுவந்தவள் கல்யாணப்பெண் பொன்னுத்தாய். தலையை நிமிர்த்தாமலே பரிமாறினாள்.

"கோவிச்சுக்கிராதீக மச்சான்... அப்பாதான் இங்கன போடச் சொன்னாக."

நெய்யை இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றினாள். அது அவளால் முடிந்த சமாதானம். எனக்கோ அதுவும் பிச்சையாகப்பட்டது. சாப்பிட்டேன்... முழுவதும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை, கூண்டுகளில் அகப்பட்ட எலிகளை வழக்கம்போல மருந்துத் தண்ணீரில் முக்கிக் கொன்றோம். அவற்றில் ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். நோய் கண்ட எலியன்று; நல்ல எலி. வாய்க்காலில் அலசி மருந்து வாசத்தைப் போக்கினேன். படித்துறைக் கல்லில் வெயில்படப் போட்டு, முடி உலரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோபத்தில் கை தவறிவிட்டது என்று நான் சொல்ல முடியாது! ஓர் எலியின் முடி உலர்வதற்கு எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு நேரமும் நான் உட்கார்ந்திருந்தேன். காக்கை வந்தபோது கல்லெறிந்து விரட்டினேன். எழுந்து போயிருக்கலாம்... ஏன் போகவில்லை?

மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லி வேலுச்சாமி வீட்டுக்குள் நுழைந்தேன். நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கை, ஆள் உயரத்துக்கு, பின்கட்டில் இருந்தது. அதன் பின்னால் எலியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் பொன்னுத்தாயின் அலறல் தெருவரை கேட்டது.

"ஆத்தா! எலி விழுந்துருச்சு!"

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

என்னை ஓடி வந்து அழைத்தார்கள். நான் மெதுவாகத்தான் நடந்து போனேன். எலியைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன். "எல்லாரும் வெளியே வாங்க" என்றேன். அந்தக் குரலை எங்கே வைத்திருந்தேனோ!

வேலுச்சாமி மாமா என் முன்னால் வந்து நின்றார். "மாப்ளே, நேத்துத்தான மருந்தடிச்ச? இது வேற எங்கயாச்சும் இருந்து வந்து செத்திருக்கும்யா. நாலு நாளுப் பொறுத்துக்க. முகூர்த்தம் முடிஞ்சதும் நானே ஓட்டைப் பிரிச்சுத் தாரேன்."

நேற்று 'ஏலே.' இன்று 'மாப்ளே!'

"சட்டம் மாமா. நான் என்ன செய்யட்டும்?"

"ஒனக்குக் கையெடுத்துக் கும்புடுறேன் செல்லையா. மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனப்பாக?"

அவர் கும்பிட்டார். முற்றத்தில், பந்தலுக்குக் கீழே, முந்தின நாள் எனக்கு இடமில்லாத அதே முற்றத்தில், எல்லோரும் பார்க்கக் கும்பிட்டார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வெல்லத்தைக் கடித்ததுபோல் இருந்தது! ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த இனிப்பு இப்போது நினைத்தாலும் நாவில் வருகிறது.

இதோடு முடிந்திருந்தால் ஓர் அற்பனின் பழிவாங்கல் என்று நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் என்றைக்கோ மனைவியிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். முடியவில்லை.

ஓட்டைப் பிரிக்கத் தொடங்கியபோது ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். அவர்தான் கருப்பையா. அப்போது அவர் வாய்க்கால் கரைத் தெருவில் இருந்த கொடிக்கால் கூலி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, எங்க வீட்டுல ரெண்டு எலி செத்துக் கெடக்கு. ஒண்ணு அடுப்படியில, ஒண்ணு பரணுல. வந்து பாக்கணும்."

நான் ஏணியில் நின்றிருந்தேன். இறங்கவில்லை.

இறங்கிப் போனால் என்னவாகும்? விழுந்த எலியைத் தகர டப்பாவில் போட்டுச் சுகாதார இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவது விதி. அவர் பார்ப்பார். "வேலுச்சாமி வீட்டு எலி எங்கே?" என்றும் கேட்பார். சோதித்தால் நோயில்லாத எலி என்று தெரிந்துவிடுமே என்று, அதை நான் விதியை மீறிச் சற்றுமுன்தான் எரித்திருந்தேன். ஒன்றைக் கேட்டால் ஒன்பது வெளிவரும். இந்த வீட்டு வேலை முடிந்து, தடம் எல்லாம் அழிந்த பிறகு போனால் பத்திரம்... இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. கீழே பெரிய மனிதர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் ஒரு கூலியாள் வந்து குறுக்கே நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"பம்பு இங்கன இருக்கிறது தெரியலயா? நாளைக் கழிச்சு வாரேன். எலியை எரிச்சுரு, போ."

"சரிங்க மேஸ்திரி."

போய்விட்டார்.

'வீட்டை விட்டு வெளியே வந்துரு' என்று நான் சொல்லவில்லை. பம்பு இல்லாவிட்டால் என்ன? ஆள் வெளியேறுவதற்குப் பம்பு எதற்கு? ஒரு சொல்! காலையில் வேலுச்சாமி வீட்டில், நோயே இல்லாத வீட்டில், அதிகாரமாய் முழங்கினேனே அதே சொல். நோய் வந்துவிட்ட வீட்டுக்கு அதைச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை. சொல்ல மறந்தேனா, சொல்லாமல் விட்டேனா? அவர் குடும்பத்தோடு வயற்காட்டுக்குப் போனால் செய்தி பரவி இன்ஸ்பெக்டர் காதுக்கு எட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டதா? பதினேழு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன்... விடை ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

இரண்டு நாள் கழித்துப் போனேன். வாசலில் நுழையும்போதே முனகல் கேட்டது. கருப்பையாவின் மனைவி மாரியம்மாள் கோரைப்பாயில் கிடந்தாள். அனலாய்க் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"நேத்துப் பொழுது சாயத்தான் படுத்தா மேஸ்திரி. மேலு வலிக்குதுன்னா" என்றார் கருப்பையா.

நான் ஓடினேன். வண்டி பிடித்தேன். டாக்டரைக் கூட்டி வந்தேன். எல்லாம் செய்தேன், செய்ய வேண்டிய நாளில் மட்டும் செய்யவில்லை. மூன்றாம் நாள் மாரியம்மாள் போய்விட்டாள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க எலி விழுந்தது. வேலுச்சாமி வீட்டுக்கு இடப்புறம், வலப்புறம், எதிர்ப்புறம்... எல்லா வீட்டிலும்! எதிர்வீட்டில் அண்ணன் தம்பி இருவர் போனார்கள். வேலுச்சாமியின் வீடு மட்டும் ஓடு பிரிந்து, மருந்தடித்து, ஆளில்லாமல், வெயில் பாய்ந்து பத்திரமாக நின்றது. அவர் குடும்பத்தில் ஒருவருக்குத் தலைவலிகூட வரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்குமே. ஊர் என்னைக் கொண்டாடியது! "செல்லையா முந்தியே கண்டுபிடிச்சுட்டான். அவன் மூக்குக்குத் தெரியும்" என்றார்கள். பாயைச் சுருட்டியவர்கள் பாயை விரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், எலி விழுந்த வீட்டுச் சம்பந்தம் ஆகாது என்று அந்த மாதமே வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். சித்திரையில் வேலுச்சாமி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என் குடும்பத்தையே காப்பாத்தின கை இது. இந்தக் கையில என் மகளப் புடிச்சுக் குடுக்குறதுதான் மொறை" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலி தொட்ட கையை!

மறுத்திருக்க வேண்டும்... இல்லையா? நான் மறுக்கவில்லை. தொழுவத்தில் தலைகுனிந்து நெய் ஊற்றியவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்தது என்று பின்னால் அவளே சொன்னாள். நல்ல மனைவி வாய்த்தாள். வாயாடி, உழைப்பாளி, கை மணக்கச் சமைப்பவள். இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் சொல்வாள்:

"அந்த எலிக்கு நாங்க கோயில் கட்டணும்! அது மட்டும் விழாம இருந்தா நான் எங்கன கெடந்திருப்பேனோ, இவுக எங்கன கெடந்திருப்பாகளோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பொய்ச் சிரிப்பன்று. உண்மையாகவே சிரிப்பு வரும்.

மாரியம்மாள் இறந்து ஒரு மாதம் ஆனபோது கருப்பையா என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எண்ணினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அன்றைக்கு ஏணிக்குக் கீழே நின்றதைப்போலவே.

"மேஸ்திரி, இந்த வேலைய எனக்கும் கத்துக் குடுங்க. இன்னொரு வீட்டுல எம் பொண்டாட்டி மாதிரி ஆகிறக் கூடாது."

சேர்த்துக்கொண்டேன். பிறகு அரசாங்க வேலையை விட்டுவிட்டு நாங்கள் இருவருமாகச் சொந்தத் தொழில் தொடங்கினோம். ஒரு மாட்டுவண்டி, இரண்டு தெளிப்பான், கந்தகச் சட்டிகள், பினாயில் டின்கள். போகாத ஊரில்லை. கம்பத்து ஏலக்காய்க் கிட்டங்கிகளுக்குப் புகை போட்டு வெளியே வந்தால், கந்தக நெடியையும் மீறி எங்கள் வேட்டியே இரண்டு நாளைக்கு ஏலக்காய் மணக்கும். சின்னமனூரில் ஒரு சினிமாக் கொட்டகை முதலாளி, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஜனம் நின்றுகொண்டே படம் பார்க்கிறது என்று அழாக்குறையாக வந்தார். பெஞ்சு பெஞ்சாகக் கொதிநீரும் மருந்தும் ஊற்றிக் கொடுத்தோம். அன்று மாலை இருவரும் முதல் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து படம் பார்த்தோம். கருப்பையா தன் பக்கத்துப் பலகையைத் தட்டி, "ஒண்ணாச்சும் கடிக்குதா பாரு மேஸ்திரி!" என்று குழந்தைபோலச் சிரித்தார். உலக யுத்தம் முடிந்து, பூச்சியைக் கொல்லும் வெள்ளைப் பொடி ஒன்று புதிதாக வந்ததே, அதை அடிக்கும் விதத்தை எனக்குக் கற்றுத் தந்தவரே அவர்தான். நான் அவரை அண்ணே என்றழைக்கத் தொடங்கி வெகுகாலமாகிறது. அவர் மட்டும் என்னை மேஸ்திரி என்பதை விடவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரப் பெண்களைக் கூப்பிட்டு அவர் ஒன்று சொல்வார்.

"தாயி, எலி ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும், யாரையும் எதிர்பார்க்காம அந்த நிமிசமே புள்ளகளத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துருங்க. மருந்து அப்பறம் வரட்டும்."

அவர் இதைச் சொல்லும்போது நான் வண்டியில் டின்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். எப்போதும் அடுக்குவதற்கு ஏதாவது இருக்கும்.

ஒருமுறை சொல்லிவிடப் பார்த்தேன். வருசநாட்டில் ஒரு பருத்திக் கிட்டங்கிக்கு மருந்தடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆற்றோரம் நிறுத்தியிருந்தோம். பேச்சு எப்படியோ மாரியம்மாளிடம் வந்து நின்றது. தொடங்கிவிட்டேன்.

"அண்ணே... அன்னைக்கு நீங்க வந்தப்ப நான் ஒடனே வந்திருந்தா..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதச் சொல்லாத மேஸ்திரி. நீ ஒரு வீட்டக் காப்பாத்திக்கிட்டிருந்த. ஒருத்தன் ரெண்டு எடத்துல நிக்க முடியுமா?" மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார். "தப்பு எம்மேலதான். ரெண்டு எலி செத்துக் கெடக்கு. எனக்குப் புத்தி எங்க போச்சு? அவ சொன்னா மேஸ்திரி... 'வெளிய போயிருவமா'ன்னு அவ கேட்டா. நாந்தான், 'மேஸ்திரி ஒண்ணும் சொல்லல, அவுக வரட்டும், பேசாம இரு'ன்னு சத்தம் போட்டு ஒக்கார வச்சேன். நாந்தான கொன்னேன் அவள?"

நீங்களே சொல்லுங்கள்... அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? 'இல்லை அண்ணே, அது உங்கள் பாரமில்லை, என்னுடையது' என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டாமா? அதற்கு நாலு வார்த்தை போதுமே! அவர் முதுகிலிருந்து அந்த மலை இறங்கியிருக்கும். என்னை வெறுத்திருப்பார், வெறுக்கட்டுமே! தன்னை வெறுப்பதை விட்டிருப்பார்.

நான் சொன்னது இதுதான்:

"விடுங்கண்ணே. மாடு தண்ணி குடிச்சிருச்சு. கெளம்புவோம்."

எலியை வைத்தது என் இருபத்தாறு வயது அற்பத்தனம். வாய்க்கால் கரைக்குப் போகாதது என் அச்சம். இரண்டுக்கும் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. பூச்சி அவளை முன்பே கடித்திருக்கக்கூடும், நான் அன்றைக்கே போயிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்றுகூட எண்ணிக்கொள்வேன். வேறு யாருக்கோ நடந்ததைப்போல ஒரு டாக்டரிடம் கேட்டும் பார்த்தேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் பல வருஷம் சோறு போட்டது.

ஆனால் வருசநாட்டு ஆற்றோரத்தில் வாயை மூடிக்கொண்டேனே, அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஏன் மூடிக்கொண்டேன்? பொன்னுத்தாயின் சிரிப்பை நினைத்தேன். பிள்ளைகளை நினைத்தேன். மருந்துக்காரர் என்ற பேரை நினைத்தேன். இவ்வளவையும் கொடுத்து ஒரு மனிதனின் மனச்சுமையை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சந்தோஷமாக இருப்பவன் கோழையாகிவிடுகிறான்!

இந்தத் தை அமாவாசைக்கு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன்.

வருஷா வருஷம் கருப்பையா சுருளித் தீர்த்தத்துக்குப் போய் மாரியம்மாளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். வழக்கமாகத் துணைக்கு வரும் மகள் இந்த முறை பிரசவத்துக்கு வந்திருந்தாள்; வேறு ஆளில்லை. "நீ வாரியா மேஸ்திரி?" என்றார். போனோம். அருவிக்கு இந்தப்பக்கம், ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முறை முங்கினார். எழுந்து, கையைக் கூப்பி, சுற்றி இருந்த ஜனத்தைப் பற்றிய கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், உரத்த குரலில் சொன்னார்:

"மாரீ... நான் செஞ்சதுக்கு என்னய மன்னிச்சுரு ஆத்தா!"

நான் கரையில், அவருடைய உலர்ந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு ஆள் நீள இடைவெளிகூட இல்லை. நான் சொல்லியிருந்தால் அருவிச் சத்தத்திலும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அவர் மேலே ஏறி வந்தார். குளிரில் உதடு நடுங்கியது. வேட்டியை நீட்டினேன். முதுகைத் துவட்டிவிட்டேன். முகம் வெளுத்து, தெளிந்து, லேசாக இருந்தது. "மனசு கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்கு மேஸ்திரி" என்றார்.

பிறகு கல்லில் உட்கார்ந்து, பொன்னுத்தாய் கட்டிக் கொடுத்திருந்த புளியோதரையை இருவரும் சாப்பிட்டோம். வெயில் இதமாக இருந்தது. நல்ல பசி எனக்கு. அவர் தன் பங்கில் பாதியை எடுத்து என் இலையில் வைத்தார்.

அதையும் சாப்பிட்டேன்.